மதுரையில் முதியோர் இலவச பஸ் அட்டை தேடி அலைந்தவன் எழுதுவது

அறுபது வயதைக் கடந்த ஆண்கள் மதுரையில் டவுன் பஸ்ஸில் காசு கொடுத்துத்தான் போக வேண்டும். இந்த ஒரு வரியை யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஆயிரத்துச் சொச்சம் ரூபாயும் ஒரு கோடைக்காலத்தின் பெரும்பகுதியும் மிச்சமாகியிருக்கும். சொல்ல ஆள் இல்லை. பெரியார் பேருந்து நிலையத்தில் என்னைப் போலவே பிளாஸ்டிக் உறையில் ஆதார் நகலை வைத்துக்கொண்டு விசாரித்துக்கொண்டிருந்த பெரியவர்களைப் பார்த்த பிறகுதான் இதை எழுதியே தீர வேண்டும் என்று தோன்றியது.

எனக்கு 68 வயது. வீடு திருமங்கலம் பக்கம். நூற்பாலை ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். தனியார் ஆலை ஓய்வூதியம் எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். வைப்பு நிதித் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 முதல் மாதம் 1,000 ரூபாய். எனக்கு அதைவிடக் கொஞ்சம் கூட வருகிறது, அவ்வளவுதான். கண்ணில் நீர் அழுத்தம் இருப்பதால் அடிக்கடி மதுரைக்குப் போய்ச் சோதித்துக்கொள்ள வேண்டும். துணைக்கு மனைவி வருவாள். டவுன் பஸ்ஸில் ஏறினால் அவளுக்குக் கட்டணமில்லாச் சீட்டு, எனக்குக் காசு. நடத்துநர் என்னிடம் மட்டும் கையை நீட்டும்போது, “என்னங்க, உங்களையும் நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிப் பாருங்களேன்” என்று அவள் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. அவள் என்னைவிட ஆறு வயது இளையவள், நடையும் நன்றாக இருக்கிறது. படியில் கால் தடுமாறுவது நான்.

இந்த மனநிலையில் இருந்தவனுக்குத்தான் அந்த வாட்ஸ்ஆப் செய்தி வந்தது. “60 வயது பூர்த்தியான அனைவருக்கும் அரசுப் பேருந்தில் இலவசப் பயணம். ஆதார், ரேஷன் அட்டை, வண்ணப் புகைப்படத்துடன் அருகில் உள்ள பணிமனையில் விண்ணப்பிக்கவும். அனைவருக்கும் பகிரவும்.” தேதி இல்லை, ஊர் இல்லை, எந்தக் கழகம் என்று இல்லை. ஆனால் கேட்டிருந்த ஆவணங்கள் அத்தனை பொருத்தமாக இருந்தன. பொய் சொல்பவன் இவ்வளவு விவரம் எழுதுவானா என்றுதான் யாருக்கும் தோன்றும். விவரம் முழுக்கப் பொய்யில்லை என்பதுதான் இதில் வேதனை. அது சென்னையின் விவரம். அங்கே மாநகர் போக்குவரத்துக் கழகம் 2016 முதல் 60 வயதைக் கடந்த சென்னைவாசிகளுக்கு மாதம் 10 இலவசப் பயண டோக்கன் வீதம், ஆறு மாதத்துக்கு உரியதை ஒரே தடவையில் கொடுக்கிறது. குளிர்சாதன பஸ்ஸில் அது செல்லாது. சென்னையில் குடியிருப்பதற்கான சான்றும் வேண்டும். அந்தச் செய்தியிலிருந்து சென்னை என்ற சொல்லை மட்டும் யாரோ உருவி எடுத்துவிட்டு ஊர் முழுக்கச் சுற்ற விட்டிருக்கிறார்கள்.

எங்கள் ஊர்க் கணினி மையம் ஒன்றில் விசாரித்தேன். கடைக்காரத் தம்பி, “ஆமாம் ஐயா, நிறையப் பேர் போட்டிருக்கிறார்கள்” என்று சொல்லி 350 ரூபாய் வாங்கிக்கொண்டு விண்ணப்பம் ஒன்றை அச்செடுத்துக் கொடுத்தார். பதிவுக் கட்டணமாம். அதன் பிறகு புகைப்படம், நகல், உறை என்று இன்னொரு இருநூறு ரூபாய் கரைந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தால், தாளின் உச்சியில் மாநகர் போக்குவரத்துக் கழகம் என்று அச்சாகியிருக்கிறது. மதுரையில் ஓடுவது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மதுரைக் கோட்டம். திரும்பிப் போய்க் கேட்டேன். “எல்லாம் ஒரே கவர்மெண்ட்தானே ஐயா, கொடுத்துப் பாருங்கள்” என்றார். பணத்தைத் திருப்பித் தரவில்லை. இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் அரசு பஸ் என்பது ஒரே நிறுவனம் அல்ல. சென்னைக்கு ஒன்று, நெடுந்தூரத்துக்கு விரைவுப் போக்குவரத்துக் கழகம், பிறகு விழுப்புரம், சேலம், கோவை, கும்பகோணம், மதுரை, திருநெல்வேலி என்று மொத்தம் எட்டுக் கழகங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு, தனி வரவு செலவு. ஒரு கழகத்தின் சலுகை இன்னொன்றில் தானாக வந்துவிடாது. எந்த விண்ணப்பம் கைக்கு வந்தாலும் முதலில் தலைப்பில் எந்தக் கழகத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பணம் கொடுப்பதற்கு முன்பு பாருங்கள்.

கொடுத்துத்தான் பார்ப்போமே என்று கிளம்பினேன். பேருந்து நிலையத்தில் விசாரித்தால் பணிமனைக்குப் போகச் சொன்னார்கள். பணிமனையில் வாயிற்காவலர் சாப்பாட்டு நேரம் என்றார். உட்கார நிழல் இல்லை. சாப்பாட்டு நேரம் முடிந்ததும் உள்ளே இருந்தவர் தாளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், “பெரிய ஆபீஸில் கேளுங்கள்” என்றார். பெரிய அலுவலகத்தில் உரிய அதிகாரி கூட்டத்தில் இருந்தார். வேறொரு நாள் போனால் அவர் விடுப்பு. ஒருவரும் கோபமாகப் பேசவில்லை, ஒருவரும் இல்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த கதவைக் காட்டினார்கள். சித்திரையின் கடைசி வாரங்கள், அக்னி நட்சத்திரம் தொடங்கிய சமயம். தலைசுற்றி ஒரு கடை வாசலில் உட்கார்ந்தவனை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். அந்த ஆட்டோவுக்கு மட்டும் 300 ரூபாய். இலவச பயணத்துக்காக அலைந்த செலவு, அந்தக் கோடையில் நான் பஸ்ஸுக்குக் கொடுத்ததைவிட அதிகமாகிவிட்டது. கணக்குப் பிரிவில் வாழ்க்கையைக் கழித்தவனுக்கு இதைவிட அவமானம் வேண்டாம். உடம்பு நோகிறது என்பதைவிட, இல்லாத ஒன்றைக் கேட்டுக் கெஞ்சுகிற கிழவன் என்று நினைத்துவிடுவார்களே என்ற எண்ணம்தான் அதிகம் வலித்தது.

முடிச்சை அவிழ்த்தவர் ஒரு நேரக் காப்பாளர். ஓய்வு பெறும் வயது நெருங்கியவர், சிடுசிடுப்பானவர். என் தாளை வாங்கிப் படித்துவிட்டு, “ஐயா, உங்கள் டிக்கெட்டுக்குக் கழகத்துக்கு யார் பணம் கட்டுவார்கள், அதைச் சொல்லுங்கள்” என்று கேட்டார். நான் விழித்தேன். “உங்கள் வீட்டுக்கார அம்மாவுக்கு அரசு கட்டுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அரசு கட்டுகிறது. உங்களுக்குக் கட்டச் சொல்லி ஆணை இல்லை. ஆணை இல்லாமல் நான் சீட்டுக் கிழித்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள்.” அலைந்த அலைச்சலில் எனக்குக் கிடைத்த ஒரே நேரான பதில் அதுதான். அவர் குரலில் கனிவு கொஞ்சமும் இல்லை. ஆனாலும் அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அதன் பிறகு கொஞ்ச நாள் பத்திரிகைகளையும் நிதிநிலை அறிக்கை உரைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பழைய தொழில் புத்தி. மகளிர் கட்டணமில்லாப் பயண ஆணையில் மு.க.ஸ்டாலின் 2021 மே 7 அன்று முதலமைச்சராகப் பதவியேற்றதும் கையெழுத்திட்டார், மறுநாளே நடைமுறைக்கு வந்தது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் வருபவர்களில் 40 சதவீதம் பெண்கள் இருப்பார்கள் என்று கணக்கிட்டு, கழகங்களுக்கு ஏற்படும் இழப்பை ஈடுகட்ட ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் என்று அப்போது வைத்தார்கள். பெண்கள் கூட்டம் கூட்டமாக ஏறத் தொடங்கியதும் அந்தக் கணக்கு எங்கோ போய்விட்டது. 2023-24இல் 2,800 கோடி, 2024-25இல் 3,050 கோடி, 2025-26இல் 3,600 கோடி என்று ஒதுக்கீடு ஏறியிருக்கிறது. இது ஏதோ தர்மக் கணக்கு என்று நினைக்கிறவர்கள் உண்டு. அப்படியில்லை. பயணி கொடுக்காத காசை மாநில அரசு வரிப்பணத்திலிருந்து கழகத்துக்குக் கொடுக்கிறது. அதற்கு எத்தனை பேர் பயணம் செய்தார்கள் என்ற எண்ணிக்கை வேண்டும். பெண்களுக்குக் காசு வாங்காமல் சீட்டு மட்டும் கிழித்துக் கொடுப்பது இதற்காகத்தான். சென்னையில் முதியவர்களுக்கு டோக்கன் கொடுப்பதிலும் அதே தர்க்கம் இருக்கிறது. மாதம் 10 என்றால், எத்தனை பேருக்குக் கொடுத்தோமோ அதற்கு மேல் செலவு போகாது. எண்ண முடியாத இலவசத்தை எந்தக் கணக்காளனும் ஏற்க மாட்டான். நானே அந்த நாற்காலியில் இருந்தால் ஏற்றிருக்க மாட்டேன்.

ஆகவே பெண்களுக்கு ஒரு வார்த்தை. இலவசம்தானே என்று சீட்டு வாங்காமல் உட்காராதீர்கள். கூட்ட நெரிசலில் நடத்துநர் உங்களிடம் வராவிட்டால் நீங்களே கேட்டு வாங்குங்கள். கையில் சீட்டு இல்லாமல் பரிசோதகர் ஏறினால் உங்களுக்கும் சங்கடம், நடத்துநருக்கும் சங்கடம். அந்தச் சீட்டு கிழிபடாவிட்டால் நீங்கள் அந்த பஸ்ஸில் போனதாகவே கணக்கில் ஏறாது. அப்புறம் உங்கள் ஊர் வழித்தடத்தில் கூட்டமே இல்லை என்று யாராவது ஒரு நடையைக் குறைத்தால் யாரிடம் போய்க் கேட்பது?

பஸ்ஸைப் பார்த்து ஏறுவது அடுத்த விஷயம். திருமங்கலம் சாலையில் டவுன் பஸ்ஸும் ஓடுகிறது, விருதுநகர், ராஜபாளையம் போகும் புறநகர் பஸ்களும் ஓடுகின்றன. எல்லாம் அரசு பஸ்தான். ஆனால் கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மட்டும். ஒருமுறை அவசரத்தில் மாட்டுத்தாவணி போகும் புறநகர் பஸ் ஒன்றில் ஏறிவிட்டு, “பொம்பளைகளுக்கு இலவசம்தானே” என்று பக்கத்து ஊர் அம்மா ஒருவர் நடத்துநரோடு மல்லுக்கு நின்றார். முடிவில் வழியிலேயே இறங்க வேண்டியதாகிவிட்டது. பாவம், கையில் அதற்கான காசு இல்லை. தனியார் பஸ், மினி பஸ் எதிலும் இது கிடையாது. முகப்பில் மகளிர் கட்டணமில்லாப் பேருந்து என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காலை வையுங்கள். கண் தெரியாத என் போன்றவர்கள் வெட்கப்படாமல் ஏறும் முன்பே நடத்துநரிடம் கேட்டுவிடலாம். டவுன் பஸ்ஸுக்காகக் காத்திருக்கப் பொறுமை வேண்டும் என்பதையும் மறைக்க மாட்டேன். காலை ஏழு மணிக்கு முன்பு கிளம்பினால் உட்கார இடம் கிடைக்கிறது. பள்ளி, கல்லூரி நேரத்தில் ஏறினால் என் வயதுக்காரர்கள் படாத பாடு படுவார்கள்.

ஆண்களுக்கு வழியே இல்லையா என்று கேட்டால், ஒன்று இருக்கிறது. அதை எனக்குக் காட்டியது என் மனைவியின் தம்பிதான். அவனுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் சரியாக வராது. பெரியாஸ்பத்திரிக்கு உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் போய் வந்தவன், வயதானவர்களுக்கான சலுகை என்று எதையும் தேடவில்லை. மாற்றுத்திறனாளி சான்றிதழும் தேசிய அடையாள அட்டையும் வாங்கினான். மகளிர் பயணம் தொடங்கிய அதே ஆண்டில் சாதாரண டவுன் பஸ்களில் திருநங்கையருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களின் துணையாளருக்கும் அதே சலுகையை அரசு விரித்திருக்கிறது. புறநகர் பஸ்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 75 சதவீதக் கட்டணச் சலுகையும் உண்டு. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று அரசு மருத்துவர் சான்று தர வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்தால் மேற்கொண்டு என்ன செய்வது என்று சொல்வார்கள். காது கேளாமை, பார்வைக் குறைபாடு, மூட்டு முடங்கிப் போனது என்று வயதின் பெயரால் நாம் பொறுத்துக்கொண்டு போகிற பலவற்றுக்கு இந்தச் சான்று கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. “வயசானால் அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு நம் வீடுகளில் யாரும் சோதிக்கக்கூட அழைத்துப் போவதில்லை. அட்டை என்றால் ஊனமுற்றவன் என்று முத்திரை குத்திவிடுவார்கள் என்று என் மைத்துனனும் முதலில் முரண்டு பிடித்தான். அக்காவின் திட்டு வேலை செய்தது. எனக்கு இன்னும் அந்த அளவுக்குப் பார்வை குறையவில்லை, குறையாமல் இருக்கட்டும்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் ஒரு மனு கொடுத்தேன். முதல் மனுவில் இலவச அட்டை தரவும் என்று எழுதியிருந்தேன், அத்தகைய திட்டம் இங்கே நடைமுறையில் இல்லை என்று பதில் வந்தது. அது சரியான பதில். பணிமனையும் ஆட்சியர் அலுவலகமும் நினைத்தாலும் தர முடியாத ஒன்றை அவர்களிடம் கேட்பதில் பயன் இல்லை. அதற்கு வேண்டியது போக்குவரத்துத் துறையும் நிதித் துறையும் சேர்ந்து பிறப்பிக்கும் ஆணையும் அதற்கான ஒதுக்கீடும். ஆகவே அடுத்த மனுவைத் துறைச் செயலருக்கும் எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கும் எழுதினேன். சென்னையில் கொடுப்பது போல மற்றக் கழகங்களிலும் மாதத்துக்குச் சில டோக்கன்கள், அதற்கான இழப்பீட்டை அரசே கழகத்துக்குக் கொடுக்கட்டும் என்று கேட்டேன். ஊரில் ஓய்வு பெற்றவர்கள் பலரிடம் கையெழுத்தும் வாங்கினேன். இதுவரை பதில் இல்லை.

இழப்பீடு என்பதை நான் அழுத்தி எழுதியதற்குக் காரணம் உண்டு. 2024 ஜனவரியில் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஓய்வு பெற்ற ஓட்டுநர்களுக்கும் நடத்துநர்களுக்கும் நிலுவையில் இருந்த அகவிலைப்படி அவர்களுடைய முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. அரசு பணம் கட்டாமல் கழகத்தின் தலையில் ஒரு இலவசத்தைச் சுமத்தினால், அந்தப் பள்ளம் கடைசியில் இந்த மாதிரி ஆட்களின் பாக்கியில்தான் போய் முடியும். என்னைப் போன்ற ஒரு கிழவனின் காசில்லாப் பயணத்துக்கு இன்னொரு கிழவன் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மகாராஷ்டிரத்தில் 75 வயதைக் கடந்தவர்களுக்கு 2022 ஆகஸ்ட் முதல் அரசு பஸ்ஸில் முழு இலவசம், 65 முதல் 75 வரை பாதிக் கட்டணம். கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் 60 வயதைக் கடந்தவர்களுக்கு அரசு பஸ்ஸில் 25 சதவீதம் கழிவு. இங்கிலாந்தில் 2008 முதல் ஓய்வூதிய வயதை எட்டியவர்கள் நாடெங்கும் உள்ளூர் பஸ்களில் இலவசமாகப் போகிறார்கள். அங்கே பஸ்ஸை ஓட்டுவது பெரும்பாலும் தனியார். உள்ளாட்சி மன்றங்கள் அவர்களுக்குப் பணம் கொடுக்கின்றன, இலவசப் பயணத்தால் அந்த நிறுவனத்துக்கு லாபமும் கூடாது நட்டமும் கூடாது என்பது விதி. வார நாட்களில் காலை 9.30க்குப் பிறகுதான் செல்லும், வேலைக்குப் போகிறவர்களின் நெரிசல் நேரத்தில் கிடையாது. இந்த நேரக் கட்டுப்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. கண் மருத்துவமனைக்குப் பத்து மணிக்கு மேல் போனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அந்தச் செய்தி இப்போதும் சுற்றுகிறது. வேறொரு குழுவிலிருந்து எங்கள் குழுவுக்கு வந்தால் உடனே நான் எழுதிவிடுகிறேன்: எந்தக் கழகம், எந்த ஆணை, எந்தத் தேதி என்று அனுப்பியவர் சொல்லட்டும். சொல்லாவிட்டால் யாரும் நகல்கூட எடுக்க வேண்டாம். ரயிலுக்கும் இதே போல ஒன்று வருகிறது. ஆண்களுக்கு 60 வயதிலிருந்து 40 சதவீதமும் பெண்களுக்கு 58 வயதிலிருந்து 50 சதவீதமும் இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச் 20 முதல் நிறுத்தப்பட்டது. நான் இதை எழுதும்வரை திரும்பவில்லை. கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது, அதற்கும் முன்பதிவின்போது வயதைச் சரியாகக் கொடுத்தால் போதும். தனியாக யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை.